வெள்ளை ஒயின் எங்கே தடம் மாறுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம், நந்தி மலை அடிவாரம் பக்கமெல்லாம் ஒயினரிகளில் யாரும் நேரத்துக்குத் தூங்குவதில்லை. அறுவடை, பிழிதல், நொதிப்பு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். செல்லாரில், அதாவது ஒயின் தயாராகும் கூடத்தில், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், படித்துவிட்டுப் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கும் டேங்க் எதிரே நின்றபடியே படிக்க உதவட்டும் என்று இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கர்நாடகத்தில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது கலால் சட்டப்படி குற்றம். ஆகவே இது உரிமம் உள்ள செல்லாருக்கான குறிப்பு.

சீசன் நடுவில் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, டேங்க் நின்னு போச்சு. டிஏபி போடட்டுமா?"

"இரு தம்பி. டெம்பரேச்சர் எவ்வளவு?"

(டேங்க் நிற்பது என்றால் அதில் நொதிப்பு நிற்பது. டிஏபி, ஈஸ்டுக்கு நைட்ரஜன் சத்து தரும் பொடி.) பாதி நேரம் பதில் வராது. பார்த்திருக்க மாட்டார்கள். இங்கேதான் எனக்கு ஆதங்கம். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. தோலில் இருக்கும் டானின் அதற்குக் காவல். வெள்ளைக்கு அந்தக் காவல் கிடையாது, தோலை விட்டுப் பிரிந்த வெறும் சாறு அது. சூடும் காற்றும் பட்டால் அதற்குத் தாங்காது. நம் ஊர் மார்ச் மாதத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் கோளாறு எதுவானாலும், எந்தப் பொடியையும் கையில் எடுக்கும் முன் மூன்று எண்களை எழுதிவிடுங்கள்: வெப்பநிலை, பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு), பிஹெச் (அமிலத்தின் அளவுகோல், எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்). எழுதிய பிறகு முகர்ந்து பாருங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த நான்கையும் பார்த்துவிட்டவருக்குத்தான் பயன்படும்.

திராட்சை வந்து இறங்கும்போதே சூடாக இருக்கிறது, பெட்டியின் அடியில் சாறு தேங்கியிருக்கிறது

கொத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தால் அறுவடை தாமதமாகிவிட்டது என்று பொருள். வெள்ளை ரகங்களை விடியும் முன்பே வெட்டத் தொடங்கி, வெயில் ஏறும் முன் செல்லாருக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பிப்ரவரி விடியலில் இங்கே பழம் 16, 18 டிகிரியில் இருக்கும். பதினோரு மணிக்கு வெட்டினால் அதே பழம் 28 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர்விக்க ஆகும் மின்சாரத்தை விட, விடிகாலை ஆட்களுக்குக் கொடுக்கும் கூடுதல் கூலி குறைவு.

பெட்டியின் அடியில் தேங்கிய சாற்றில் காட்டு ஈஸ்டும் அசெட்டிக் பாக்டீரியாவும் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும். முகர்ந்து பாருங்கள். லேசாக வினிகர் வாடை வந்தாலும் அந்தச் சாற்றை நல்ல சாற்றோடு சேர்க்காதீர்கள். பழம் சூடாக இருந்தாலும் நல்லதாக இருந்தால், குளிர் அறை இருக்கும் இடத்தில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலையில் பிழியலாம். குளிர் அறை இல்லையென்றால் உடனே பிழிந்து, சாற்றை அப்போதே 10, 12 டிகிரிக்கு இறக்குங்கள். பெட்டியில் 20 கிலோவுக்கு மேல் அடைக்காதீர்கள். மேலே இருக்கும் கொத்தின் கனத்தில் கீழே இருப்பது நசுங்கும்.

பிரஸ்ஸிலிருந்து (பிழியும் இயந்திரத்திலிருந்து) வரும் சாறு பழுப்பாக மாறுகிறது

பார்த்தவுடன் பயந்துவிடுவார்கள். உண்மையில் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் பழுப்பானால் பெரிய ஆபத்தில்லை. பழத்திலுள்ள ஒரு நொதி, காற்றோடு சேர்ந்து ஃபீனால்கள் என்ற பழச் சேர்மங்களைப் பழுப்பாக்குகிறது. அப்படிப் பழுப்பானவை படிந்து மண்டியோடு போய்விடும், நொதிப்பு முடியும்போது ஒயின் வெளுத்துத்தான் இருக்கும். வேண்டுமென்றே சாற்றைக் காற்றோடு கலந்து இதைச் செய்யும் ஒயினரிகளும் உலகில் உண்டு.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ரகம் சாவிஞோன் பிளாங்க் என்றால் அதன் மணமே காற்றில் போய்விடும். அதற்குப் பிரஸ்ஸிலேயே சல்ஃபரும் (செல்லாரில் சல்ஃபர் என்றால் சல்ஃபர் டையாக்சைடு), கீழே இருக்கும் தட்டில் உலர் பனியும் வேண்டும். இரண்டாவது, பழத்தில் பூஞ்சை அழுகல் இருந்தால் அதிலிருந்து லாக்கேஸ் என்ற வேறொரு நொதி வரும். அதைச் சல்ஃபர் எளிதில் அடக்காது. அழுகிய கொத்தைப் பொறுக்கி எறிவதுதான் ஒரே வழி.

அளவு: பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டில், அதாவது கேஎம்எஸ்ஸில், ஏறத்தாழ 57 சதவீதம்தான் சல்ஃபர் டையாக்சைடு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் வேண்டுமென்றால் 100 லிட்டர் சாற்றுக்கு 9 கிராம் கேஎம்எஸ். பழம் நல்லதாக இருந்தால் 30 மில்லிகிராமே போதும். பழைய, கட்டிதட்டிய கேஎம்எஸ்ஸை நம்பாதீர்கள், அதன் வீரியம் எப்போதோ போயிருக்கும்.

பிஹெச் 3.6-ஐத் தாண்டுகிறது

இது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கோளாறு. அதனாலேயே அதிகம் கெடுக்கிறது. வெள்ளைக்கு 3.1 முதல் 3.4 வரை நல்லது. சூடான நாட்களில் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துவிடுகிறது. இன்னும் இரண்டு பிரிக்ஸ் ஏறட்டும் என்று கொடியிலேயே விட்டுவைத்தால் சர்க்கரை ஏறுவதோடு அமிலம் இறங்கும். பெங்களூரு சுற்றுவட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுக் குளிர் கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஷெனின் பிளாங்க் இங்கே நிலைத்ததற்கும் அதுதான் காரணம் என்பது என் எண்ணம். சூட்டிலும் அமிலத்தை விடாத ரகம் அது.

பிஹெச் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நுண்ணுயிரைத் தடுக்க 3.2 பிஹெச்சில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கட்டற்ற, அதாவது வேறெதோடும் பிணையாத, சல்ஃபர் டையாக்சைடு போதும். 3.5-இல் அதே வேலைக்கு 40 வேண்டும். 3.8-இல் 80. அவ்வளவு போட்டால் குடிக்கிறவர் மூக்கில் ஏறும்.

சரி செய்ய டார்டாரிக் அமிலம். லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் பிஹெச் ஏறக்குறைய 0.1 இறங்கும். ஆனால் சாற்றுக்குச் சாறு இது மாறும். அதனால் ஒரு லிட்டரில் சோதித்துவிட்டு டேங்குக்குப் போங்கள். நொதிப்புக்கு முன்பே சேர்ப்பது உத்தமம். பிறகு சேர்த்தால் நாக்கில் தனியாகக் குத்தும். பிரஸ்ஸை அழுத்தி எடுத்த கடைசிச் சாற்றில் பொட்டாசியம் அதிகம், பிஹெச்சும் அதிகம், கசப்பும் அதிகம். அதை முதல் சாற்றோடு கலக்காமல் தனி டேங்கில் வையுங்கள். டன்னுக்கு 600 லிட்டருக்கு மேல் ஆசைப்பட்டால் அந்த ஆசை கிளாஸில் கசப்பாகத் தெரியும்.

ஓர் இரவு கழிந்தும் சாறு தெளியவில்லை

பெக்டினைக் கரைக்கும் நொதி போட்டீர்களா, சாறு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே அந்த நொதி மந்தமாகிவிடும், இன்னும் 12 மணி நேரம் கொடுத்தால் தானே இறங்கும். சாற்றின் மேல் நுண்ணிய குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தால் கதை வேறு. காட்டு ஈஸ்ட் கிளம்பிவிட்டது, அந்த வாயு மண்டியைத் தூக்கிக்கொண்டே இருக்கும். இனித் தெளியும் என்று காத்திருக்காமல், தெளிந்தவரை வேறு டேங்குக்கு மாற்றி, உங்கள் ஈஸ்டை உடனே போடுங்கள்.

கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டாலும் நல்லதல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈஸ்டுக்கு உணவும் பிடிமானமும் அந்த மெல்லிய கலங்கலில் இருக்கிறது. கலங்கல் மானி இருந்தால் 100 முதல் 200 என்டியு (கலங்கல் அலகு) வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் அடியில் உள்ள மெல்லிய மண்டியில் கொஞ்சத்தைத் திருப்பிச் சேருங்கள்.

ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகியும் அசைவில்லை

சாறு 12 டிகிரியில் இருந்தால் இரண்டு, மூன்று நாள் அமைதியாக இருப்பது இயல்பு. வெப்பநிலையை 16 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். அப்போதும் கிளம்பாவிட்டால், உலர் ஈஸ்டைத் தண்ணீரில் ஊறவைத்து எழுப்பிய விதத்தில் கோளாறு இருக்கும். ஈஸ்டின் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீர், சூடு 38 டிகிரி, 20 நிமிடம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்துங்கள், அதில் குளோரின் இருக்கும். பிறகு சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்டில் ஊற்றி இரண்டின் சூட்டையும் 10 டிகிரி வித்தியாசத்துக்குள் கொண்டுவந்த பிறகே டேங்கில் சேர்க்க வேண்டும். 38 டிகிரியிலிருந்து நேரே 12 டிகிரி சாற்றில் கொட்டினால் பாதி ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும். அளவு 100 லிட்டருக்கு 25 கிராம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நொதிப்பு பாய்கிறது, டேங்க் சூடாகி நுரை வழிகிறது

ஒரு பிரிக்ஸ் இறங்கும்போது சாற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 1.3 டிகிரி ஏறும், குளிர்விக்காவிட்டால். 22 பிரிக்ஸ் சாறு மொத்தமாக எவ்வளவு சூட்டைக் கக்கும் என்று பெருக்கிப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய், சில்லர் (குளிர்விக்கும் இயந்திரம்) நின்று, நான்கு மணி நேரம் யாரும் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

நாளுக்கு ஒன்று, ஒன்றரை பிரிக்ஸ் இறங்குவதுதான் வெள்ளைக்கு அழகான நடை. 13 முதல் 17 டிகிரிக்குள் வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முடியும். பாய்ந்துவிட்டால் ஒரேயடியாகக் குளிர்விக்காதீர்கள். ஒரே இரவில் 26-லிருந்து 12-க்கு இறக்கினால் ஈஸ்ட் மூர்ச்சையாகி அப்படியே படுத்துவிடும். நாளுக்கு 3, 4 டிகிரி போதும். சில்லர் இல்லாத சின்ன டேங்குக்கு ஈரச் சாக்கைச் சுற்றி மின்விசிறியைத் திருப்பி வைத்தால் சில டிகிரி இறங்கும். பெங்களூரு மார்ச் காற்று வறண்டது, ஈரம் வேகமாக ஆவியாகும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் அலாரத்தையும் சேர்த்துவிட்டால் இரவில் நிம்மதி. நொதிக்கும்போது டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைக்கு இடம் வேண்டும்.

இங்கே ஒயினை விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேல் கார்பன் டையாக்சைடு வெளிவருகிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். காற்றைவிடக் கனமான வாயு, தரையிலும் குழியிலும் காலி டேங்கின் அடியிலும் தேங்கி நிற்கும். நிறமும் இல்லை. மெழுகுவத்தி அணைகிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள். அது அணைவதற்கு முன்பே மனிதருக்கு ஆபத்தான அளவு வந்துவிடும். வாயு மானி மாட்டுங்கள், 0.5 சதவீதத்தில் அலாரம் வையுங்கள். டேங்குக்குள் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் தூக்கப் போகிறேன் என்று உடனே குதிக்காதீர்கள், குதிக்கிறவரும் விழுவார். மேனேஜர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, காற்றோட்டம் வந்த பிறகுதான் இறங்குவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நொதிப்பு பாதியில் நின்றுவிட்டது

முதலில் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் கருவி) பார்த்தீர்கள் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அந்தக் கருவி தோட்டத்துக்கும் அறுவடைக்கும் உரியது. ஆல்கஹால் வந்தபின் தவறாகக் காட்டும். 22 பிரிக்ஸில் தொடங்கி முழுக்க முடிந்த ஒயினில்கூட 7, 8 என்று நிற்கும். அதைப் பார்த்து, முடிந்த டேங்கில் ஈஸ்டைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹைட்ரோமீட்டர், அதாவது அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி, எடுங்கள். உருளையில் ஒயினை ஊற்றி, உள்ளங்கையால் மூடிக் குலுக்கி வாயுவை விரட்டுங்கள், இரண்டு மூன்று முறை. ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு விரல்களால் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். தண்டில் ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிரும். ஒட்டிக்கொண்டே இருந்தால் அவை கருவியைத் தூக்கிப் பிடித்து, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். சுழல்வது நின்று பக்கச் சுவரில் ஒட்டாமல் மிதக்கும்போது, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து நீர்ப்பரப்பின் அடிக்கோட்டைப் படியுங்கள். 20 டிகிரிக்கு அளவு செய்த கருவி அது. 12 டிகிரி ஒயினில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். அடர்த்தி எண் (தண்ணீர் 1.000) 0.996-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் முடிந்துவிட்டது, 0.990-க்கு அருகில் என்றால் கேள்வியே இல்லை. காலையும் மாலையும் எடுத்து மூன்று நாள் ஒரே எண்ணாக நின்று, அதுவும் 1.000-க்கு மேல் என்றால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அடுத்து, ஏன் நின்றது என்று உங்கள் வெப்பநிலைக் குறிப்பேட்டைத் திருப்பிப் பாருங்கள். இரவில் சட்டென்று குளிர்ந்திருந்தால் ஈஸ்ட் சாகவில்லை, தூங்குகிறது. 18 டிகிரிக்கு ஏற்றி, அடியில் படிந்ததைக் கிளறிவிட்டு இரண்டு நாள் பொறுங்கள். நின்றுபோன டேங்குகளில் நல்ல பங்கு இதிலேயே எழுந்துவிடும். ஒரு பொடியும் வேண்டாம்.

30 டிகிரியைத் தாண்டிய தடம் குறிப்பில் இருந்தால் ஈஸ்ட் செத்திருக்க வாய்ப்பு அதிகம். தொடக்கமே 25 பிரிக்ஸ் என்றாலோ, சாறு கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது என்றாலோ, சத்து தீர்ந்தது என்றாலோ இதே நிலைதான். இப்போது டிஏபி போடுவது வீண்; ஆல்கஹால் 9, 10 சதவீதத்தைத் தாண்டியபின் ஈஸ்ட் அந்த நைட்ரஜனை உள்ளே இழுக்காது. மிஞ்சி நிற்பதைப் பாக்டீரியா தின்னும்.

எழுப்பும் முறை இது. முதலில் ஒயினைப் பழைய மண்டியிலிருந்து பிரித்து வேறு டேங்குக்கு மாற்றுங்கள். சல்ஃபர் சேர்க்க வேண்டாம். ஆல்கஹாலைத் தாங்கும் ஈஸ்ட், உதாரணமாக இசி 1118, மொத்த அளவில் 100 லிட்டருக்கு 40, 50 கிராம் எடுத்து முன்பு சொன்ன 38 டிகிரி நீரில் எழுப்புங்கள். பாதி தண்ணீர், பாதி நின்றுபோன ஒயின், 5 பிரிக்ஸ் வரும்படி சர்க்கரை சேர்த்த கலவையில் அதைத் தொடங்கவிடுங்கள். கலவை 20, 22 டிகிரியில் இருக்கட்டும். நன்றாகக் கொப்பளித்து, சர்க்கரை பாதி குறைந்ததும் அதே அளவு நின்றுபோன ஒயினைச் சேருங்கள். மறுபடி கொப்பளித்ததும் இன்னொரு மடங்கு. இப்படிப் படிப்படியாக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை வந்தபின் டேங்கில் சேருங்கள். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதற்கு ஒரு வாரம் போகும், போகட்டும்.

அழுகிய முட்டை நாற்றம்

செல்லாருக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில்தான் மருந்து இருக்கிறது.

நொதிப்பின் முதல் பாதியில் வந்தால் ஈஸ்டுக்குப் பசி. நைட்ரஜன் போதாதபோது ஈஸ்ட் தன் புரதம் செய்யும் வேலையில் சல்ஃபரை அரைகுறையாக விட்டுவிடுகிறது, அது வாயுவாக வெளியே வருகிறது. 22 பிரிக்ஸ் சாற்றுக்கு ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். 100 லிட்டருக்கு 10 கிராம் டிஏபி போட்டால் லிட்டருக்கு 21 மில்லிகிராம் நைட்ரஜன் கூடும். பிரிக்ஸில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிய நேரத்தில் போடுவது சரியான நேரம். கூடவே ஒரு வாளி சாற்றைக் கீழே எடுத்து மேலே காற்றோடு கொட்டிவிடலாம், இந்தக் கட்டத்தில் ஈஸ்ட் அந்தக் காற்றைத் தின்றுவிடும். எல்லா டேங்கிலும் ஒரே நேரத்தில் நாற்றம் வந்தால் தோட்டத்தைக் கேளுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தாவிட்டால் தோலில் ஒட்டிய கந்தகம் சாற்றுக்கு வந்து, ஈஸ்ட் அதையே நாற்றமாக்கிக் கொடுக்கும்.

நொதிப்பு முடிந்தபின் வந்தால் கனத்த மண்டியில் அதிக நாள் கிடந்திருக்கும். உடனே பிரித்தெடுங்கள். இப்போது காற்றோடு கொட்டாதீர்கள். நாற்றம் போனதுபோல் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மெர்காப்டன் (நாறும் இன்னொரு கந்தகச் சேர்மம்) காற்றுப் பட்டு, வாடை குறைந்த டைசல்ஃபைடாக மாறி ஒளிந்துகொண்டு, பாட்டிலில் சில மாதம் கழித்து வெங்காய வாடையாகத் திரும்பி வரும்.

மூன்று கிளாஸ் வைத்துச் சோதியுங்கள். மூன்றிலும் ஒரே அளவு ஒயின். முதல் கிளாஸைத் தொடாதீர்கள். இரண்டாவதில் ஒரு சொட்டு 1 சதவீதச் செப்பு சல்ஃபேட் கரைசல். மூன்றாவதில் முதலில் ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம், சில மணி நேரம் மூடிவைத்துப் பிறகு செப்பு. வேறு ஒருவரை அழைத்து வரிசையை மாற்றிக் கொடுத்து முகரச் சொல்லுங்கள். செப்பிட்ட இரண்டும் சுத்தமாகிவிட்டால் எளிய நோய். மூன்றாவது மட்டும் சுத்தமானால் டைசல்ஃபைடு, அஸ்கார்பிக் சேர்த்துத்தான் தீர்க்க முடியும். சோதனைக் கிளாஸைக் குடிக்க வேண்டாம்.

அளவு: அரை லிட்டர் ஒயினில் அந்தக் கரைசல் 0.1 மில்லி என்றால், லிட்டருக்கு அரை மில்லிகிராம் செப்பு சேர்ந்ததாகக் கணக்கு. அதற்கும் பாதியிலிருந்து தொடங்கி, நாற்றம் போகும் மிகக் குறைந்த அளவை மட்டும் டேங்குக்குக் கொண்டுபோங்கள். உணவுத் தரச் செப்பு சல்ஃபேட் மட்டும். பயிருக்கு அடிப்பது ஆகாது. பன்னாட்டு ஒயின் அமைப்பு எஞ்சியிருக்கும் செப்புக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பாட்டிலில் அடைக்கும் முன் ஆய்வகத்தில் அளந்துவிடுங்கள். மிஞ்சிய செப்பு ஒயினைச் சீக்கிரம் பழுப்பாக்கும்.

நெயில் பாலிஷ் வாடை, வினிகர் வாடை

இதற்கு மருந்து கிடையாது, பரவாமல் தடுக்க மட்டுமே முடியும். நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிடேட், வினிகர் வாடை அசெட்டிக் அமிலம். காற்று, சூடு, உயர்ந்த பிஹெச் மூன்றும் சேர்ந்த இடத்தில் வரும். டேங்க் மூடியைச் சுற்றிப் பழ ஈ பறந்தால் அதுவே முன்னறிவிப்பு. நொதிப்பு முடிந்தபின் நிரம்பாத டேங்கை நிரப்புங்கள் அல்லது மேல் வெற்றிடத்தில் நைட்ரஜன் விடுங்கள், சல்ஃபரைப் பிஹெச்சுக்கு ஏற்ற அளவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெள்ளை ஒயினுக்கு வரம்பு லிட்டருக்கு 1.08 கிராம் ஆவி அமிலம் (ஆவியாகும் அமிலம், பெரும்பாலும் அசெட்டிக்). மூக்கு அதற்கு முன்பே சொல்லிவிடும். கெட்டதை நல்லதோடு கலந்து மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாக்டீரியாவும் கூடவே போகும்.

வால்வுகளையும் குழாய்களையும் கழுவ பிளீச்சிங் பவுடர் வேண்டாம். குளோரின் மரத்தோடும் பூஞ்சையோடும் சேர்ந்து ஈர அட்டைப்பெட்டி வாடையை உண்டாக்கும், அது ஒயினை விட்டுப் போகாது. காஸ்டிக் சோடா, பிறகு சிட்ரிக் அமிலம், பிறகு தண்ணீர்.

முடிந்த ஒயின் பழுப்பாகிறது, அடிபட்ட ஆப்பிள் வாசனை

சாற்றில் பொறுத்துக்கொண்ட பழுப்பை இங்கே பொறுக்க முடியாது. இப்போது ஈஸ்டும் இல்லை, படிந்து போக மண்டியும் இல்லை. ஒரு கிளாஸில் ஊற்றி ஓர் இரவு திறந்து வையுங்கள். காலையில் நிறம் மாறியிருந்தால் சல்ஃபர் போதவில்லை. கட்டற்ற சல்ஃபரை அளந்து ஏற்றுங்கள். ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு, சல்ஃபர் அதைப் பிடித்துக் கட்டிவிடும். ஆனால் போன பழ மணம் வராது. பம்ப் இணைப்பில் காற்று உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள். டேங்க் மாற்றும்போது குழாயில் குமிழி ஓடினால் அங்கேதான் ஓட்டை.

ஒயின் கலங்கலாகவே நிற்கிறது, அல்லது தெளிந்தது மறுபடி கலங்குகிறது

மூன்று காரணம்தான் பெரும்பாலும். ஈஸ்ட் என்றால் அசைக்காமல் குளிரில் விட்டால் இறங்கும். பெக்டின் என்றால், ஒரு பங்கு ஒயினில் மூன்று பங்கு சுத்த ஆல்கஹால் சேர்த்துப் பாருங்கள், வழவழப்பான இழைகள் திரளும். நொதி போட வேண்டும். மூன்றாவது புரதம். நம் ஊருக்கு இதுதான் பெரிய எதிரி. செல்லாரில் தெளிவாக இருந்த ஒயின், ஏப்ரலில் லாரி ஏறி மும்பை போய்ச் சேரும்போது பால் கலந்தது போல் நிற்கும். சூட்டில் புரதம் திரண்டுவிடும்.

அதனால் எல்லா வெள்ளைக்கும் சூட்டுச் சோதனை செய்யுங்கள். வடிகட்டிய ஒயினை மூடிய குப்பியில் 80 டிகிரி நீரில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றை உள்ளே கோடாகத் தெரிந்தால் புரதம் இருக்கிறது. பென்டோனைட் களிமண்ணை வெந்நீரில் 5 சதவீதமாகக் கரைத்து ஒரு நாள் ஊறவிடுங்கள். நான்கு குப்பிகளில் லிட்டருக்கு கால், அரை, முக்கால், 1 கிராம் என்று போட்டு, மறுபடி சூட்டுச் சோதனை. தேறும் அளவுகளில் மிகக் குறைந்ததை எடுங்கள். கூட்டிப் போட்டால் புரதத்தோடு மணத்தையும் களிமண் இழுத்துக்கொண்டு போகும்.

பாட்டிலின் அடியில் கல்கண்டுத் துகள் போல ஏதோ இருக்கிறது

டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கடைக்காரருக்குக் கண்ணாடித் துகள் என்று தோன்றி ஒரு பெட்டியே திரும்பி வரலாம், அவ்வளவுதான். பாட்டிலில் அடைக்கும் முன் 0 டிகிரிக்குக் கீழே, மைனஸ் 3, 4 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்து, குளிராக இருக்கும்போதே வடிகட்டுங்கள். சூடேறவிட்டால் மறுபடி கரைந்துவிடும்.

வெண்ணெய் வாசனை, நசுக்கிய ஜெரேனியம் இலை வாசனை

வெண்ணெய் என்றால் மாலிக் அமிலத்தை லாக்டிக்காக மாற்றும் பாக்டீரியா உள்ளே வந்துவிட்டது. ஷெனினுக்கும் சாவிஞோனுக்கும் அது வேண்டாம், நம் சூட்டில் கிடைத்த கொஞ்சம் புளிப்பும் போய்விடும். நொதிப்பு முடிந்த அன்றே சல்ஃபரும் குளிரும். ஜெரேனியம் வாசனை வந்தால், பொட்டாசியம் சார்பேட் (ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும் பொருள்) போட்ட ஒயினில் அதே வகைப் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. அதற்கு மீட்சி இல்லை. சல்ஃபர் இல்லாமல் சார்பேட்டை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

பாட்டிலைத் திறந்தால் சீறுகிறது, கார்க் தானே மேலே ஏறுகிறது

மிஞ்சிய சர்க்கரையை யாரோ பாட்டிலுக்குள் தின்கிறார்கள். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் சர்க்கரை வைத்து அடைப்பதானால் 0.45 மைக்ரான் சவ்வு வடிகட்டி கட்டாயம், அதன் முழுமையைப் பரிசோதிப்பதும் கட்டாயம். கார்க் ஏறத் தொடங்கிய லாட்டின் மற்றப் பெட்டிகளை உடனே குளிர் அறைக்கு மாற்றுங்கள். தூக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அழுத்தம் ஏறிய பாட்டில் வெடிக்கும். கடைக்கு ஏற்கெனவே போயிருந்தால் அன்றே போன் செய்து திரும்ப எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈஸ்டா பாக்டீரியாவா என்று தெரிந்த பிறகுதான், மீதியைத் திறந்து மறுபடி வடிகட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.